கோடைத் தோட்டத்தின் ஐந்தொகை



இந்த இதழ் உங்கள் கைபேசிக்கு வந்து சேரும்போது சித்திரை பாதி கடந்திருக்கும். மே 4 வாக்கில் கத்திரி வெயிலும் தொடங்கிவிடும். வீட்டைச் சுற்றி நாலு செடி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஆண்டுதோறும் இந்தச் சமயத்தில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. குடிக்கவும் குளிக்கவும் தண்ணீர் போதுமா என்று பார்க்க வேண்டிய நாளில் செடிக்கு எங்கிருந்து ஊற்றுவது?

இந்தக் கேள்விக்குக் காரைக்குடி பல தலைமுறைகளாகப் பதில் சொல்லி வந்திருக்கிறது. நம் ஊருக்கு வற்றாத ஆறு என்று எதுவும் இல்லை. மண்ணோ செம்மண், கொஞ்சம் தோண்டினால் பல இடங்களில் செம்பூராங்கல். காரைச் செடி மண்டிக்கிடந்த இடம் என்பதால்தான் காரைக்குடி என்ற பெயரே வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். காரை ஒரு முள்செடி. யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக வளர்வது. அப்படிப்பட்ட செடியின் பெயரைத் தாங்கிய ஊரில் வாழையும் மல்லிகையும் கறிவேப்பிலையும் எப்படி வளர்ந்தன என்பது தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு. இந்த ஆண்டு அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

வளவில் விழுந்த வரவு

நம் ஊரின் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க இப்போது வெளியூரிலிருந்து வண்டி வைத்துக்கொண்டு வருகிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து பூசிய சுவர் என்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். நாம் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். அந்த வீடுகளின் ஓட்டுக்கூரை நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிந்து நடு வளவில் தண்ணீரைக் கொட்டும். மழை நாளில் வளவின் மூலைகளில் அண்டாக்களையும் கொப்பரைகளையும் வைத்துப் பிடிப்பார்கள். பிடித்தது போக மிஞ்சிய தண்ணீர் வடிகால் வழியாகத் தெருவுக்குப் போகும். தெருச் சரிவு அதை ஊரணிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஊரணிகளிலும் பிரிவு உண்டு. குடிக்க ஓர் ஊரணி, குளிக்கத் துவைக்க ஓர் ஊரணி. குடிதண்ணீர் ஊரணியில் கால் நனைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. ஊரணி நிறைந்தால் அக்கம்பக்கத்துக் கிணறுகளிலும் நீர் ஏறும். அதற்காக யாரும் தனியாகக் குழாய் போடவில்லை. மண்ணே கொண்டுபோய்ச் சேர்த்தது.

வீட்டுக்குள் வந்த தண்ணீருக்கும் ஒரு வேலையோடு விடுதலை கிடையாது. அரிசி களைந்த கழுநீரை நம் பக்கத்து ஆச்சிமார்கள் கொட்ட மாட்டார்கள். அதில் புளி கரைத்து வெண்டைக்காயோ மொச்சையோ போட்டு மண்டி வைப்பார்கள். மண்டி என்பதே கழுநீர் இல்லாமல் செய்ய முடியாத பண்டம். அதற்கும் மிஞ்சினால் மாட்டுத் தொட்டிக்குப் போகும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் பின்கட்டுச் சாக்கடை வழியாக வாழைக்கும் சேம்புக்கும் போகும். வாழைக்கு என்று தனியாக ஒரு குடம் இறைத்து ஊற்றியதாக நான் கேட்டதில்லை.

கணக்கு வழக்கில் பெயர் பெற்ற சமூகம் அது. வரவு, செலவு, இருப்பு, கொடுக்க வேண்டியது, வர வேண்டியது எல்லாவற்றையும் தொகுத்து அவர்கள் எழுதிய ஐந்தொகையைத்தான் நாங்கள் வணிகவியல் வகுப்பில் பேலன்ஸ் ஷீட் என்று படித்தோம். தண்ணீருக்கும் அவர்கள் ஓர் ஐந்தொகை வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைத் தாளில் எழுதவில்லை, வீட்டின் அமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரவு. சித்திரை, வைகாசியில் செலவு. நடுவில் எவ்வளவு இருப்பு வைக்கிறோமோ அவ்வளவுதான் கோடைத் தோட்டம்.

கல்லூரி வந்தது

1942இல் ஜப்பானியர்கள் பர்மாவைப் பிடித்ததும் அங்கே தொழில் செய்த பல குடும்பங்களின் வரவு நின்றுபோனது. பின்னாளில் பிழைப்புக்காகப் பலரும் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் குடிபோனார்கள். பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத வீட்டில் பின்கட்டுச் சாக்கடைக்கும் தண்ணீர் இல்லை, வாழைக்கும் தண்ணீர் இல்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் காரைக்குடிக்கு ஒரு புதிய பிழைப்பு வந்தது. கோட்டையூரில் 1909இல் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947இல் இங்கே கலைக்கல்லூரியைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் என்று வரிசையாக வந்தன. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே அமைய வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். அந்த நாளில் 15 லட்சம் என்பது என்ன தொகை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்துவைத்தார். 1957 ஏப்ரலில், 48 வயது நிறைவதற்கு முதல் நாள், வள்ளல் மறைந்தார். அவர் போட்ட விதை 1985இல் பல்கலைக்கழகமாக வளர்ந்தது.

இந்த வரலாறு உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். தோட்டத்தோடு இதற்கு என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கல்லூரிகளோடும் ஆய்வகத்தோடும் ஊருக்குப் புதிய குடித்தனங்கள் வந்தன. பேராசிரியர்கள், ஆய்வக ஊழியர்கள், அலுவலக எழுத்தர்கள், பின்னால் வங்கிக்காரர்கள் எல்லாரும் மாதச் சம்பளக்காரர்கள். பெரிய வீடு கட்ட வசதி இல்லை. நாலு சென்ட், ஐந்து சென்ட் மனையில் இரண்டு அறை வீடு, பின்னால் ஒரு கிணறு, மிச்சம் வெறும் தரை. நம் நகரும் அப்படி உருவானதுதான்.

கும்பகோணத்துக்காரர் வாழைக்கன்று கொண்டுவந்தார், நாகர்கோவில்காரர் செம்பருத்தி கொண்டுவந்தார், மதுரைக்காரர் மல்லிகைப் பதியன் கொண்டுவந்தார். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் தங்கள் ஊரைக் கொஞ்சம் கொல்லையில் நட்டு வைத்தார்கள். தண்ணீர்ப் பழக்கத்தை மட்டும் உள்ளூரில் கற்றுக்கொண்டார்கள். அந்தக் காலத்து வீடுகளில் குளியலறைத் தண்ணீர் தென்னைக்கும் துவைக்கிற கல்லின் தண்ணீர் வாழைக்கும் போகும்படி சின்ன வாய்க்கால் வெட்டி விட்டிருந்ததை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

ஊர் காலியாகும் மாதங்கள்

கல்லூரி ஊருக்கு இரண்டு பருவம்தான் உண்டு: மாணவர் இருக்கும் காலம், இல்லாத காலம். பங்குனியில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா. அம்மனுக்குத் தக்காளியைக் காணிக்கையாகக் கொடுக்கிற வழக்கம் இங்கே உண்டு. கொல்லையில் தக்காளி போட்டவர்கள் முதல் பழத்தை அதற்கென்று எடுத்து வைப்பார்கள். பங்குனி அத்தத்தை ஒட்டிக் கம்பன் திருநாள். சா. கணேசன் 1939இல் தொடங்கியது. பட்டிமண்டபம் கேட்க வந்த கூட்டம் கலைந்து, தேர்வும் முடிந்தால் ஏப்ரல் கடைசியில் விடுதிகள் காலியாகும். டிரங்குப் பெட்டியோடு மாணவர்கள் பேருந்து நிலையத்துக்குப் போவார்கள். கல்லூரிச் சாலையில் டீக்கடைக்காரர் இரண்டு பெஞ்சை உள்ளே எடுத்துப் போடுவார். சைக்கிள் கடை, ஜெராக்ஸ் கடை, சலவைக் கடை எல்லாம் சும்மா இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் முருங்கை காய்த்துத் தள்ளும். விடுதிச் சமையலறை மூடியிருப்பதால் சந்தையிலும் கேட்பாரில்லை. ஆகவே காய் வீதி வீதியாக இலவசமாகப் போகும். நீங்கள் பத்து காய் கொடுத்தால் எதிர்வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் மாவடு வரும். மாடியில் கத்தரி வற்றல், கொத்தவரை வற்றல், மோர்மிளகாய், வடாம் எல்லாம் காயும். கோடை வெயில் கொல்லைக்குச் செய்கிற கெடுதலை மாடியில் ஈடுகட்டிவிடும். மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது எடுத்துச் செலவு செய்ய, வெயில் நாளில் போட்டு வைக்கும் வைப்புத்தொகை அது. சாயங்காலம் மல்லிகை பறித்து வாசலில் உட்கார்ந்து தொடுப்பார்கள். சம்பளம் மாதக் கடைசி வரை வராத வீடுகளில் இந்தக் கீரையும் வற்றலும் பூவும் சின்ன விஷயமில்லை. அந்தக் கணக்கை நடத்தியவர்கள் பெண்கள். அது எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

ஜூனில் கல்லூரி திறக்கும். ஆடியில் மீண்டும் விதை போடுவோம். சேர்க்கைக்கு வந்த பெற்றோர் வாடகைக்கு அறை தேடித் தெருவில் நடப்பார்கள். ஊர் மறுபடி நிறையும்.

சுவிட்சைப் போட்டால் தண்ணீர்

பிறகு ஆழ்துளைக் கிணறு வந்தது. ராட்டினமும் வாளியும் போய் சுவிட்சு வந்தது. அது நல்லதுதான், தலையில் குடம் சுமந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். சம்பை ஊற்றுத் தண்ணீர் நகராட்சிக் குழாயில் வீட்டுக்கே வந்தது. ஆனால் எளிதாக வந்ததும் கணக்குப் பார்ப்பது நின்றது. திறந்த கிணற்றில் எட்டிப் பார்த்தால் இருப்பு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். பங்குனியில் நாலு படி இறங்கியிருந்தால் மாமியார் மருமகளிடம் சொல்வார், செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்று என்று. ஆழ்துளைக் கிணற்றில் இருப்பைப் பார்க்க முடியாது. மோட்டார் வெறுங்காற்றை இழுக்கும்போதுதான் கணக்கில் பணம் இல்லை என்று தெரியவரும்.

இன்னொரு மாற்றமும் நடந்தது. பாசி பிடிக்கிறது, பாம்பு வருகிறது, கார் நிறுத்த வேண்டும் என்று கொல்லைக்கும் முற்றத்துக்கும் சிமெண்டு போட்டோம். பிறகு தெரு ஓரத்திலும் பேவர் பிளாக் பதித்தோம். ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் மொத்தத்தில் வரவை நிறுத்திவிட்டுச் செலவை மட்டும் வைத்துக்கொண்டோம். 2003இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாமும் குழாய் இறக்கிக் குழி தோண்டினோம். இன்று நம் தெருக்களில் நடந்து பாருங்கள். பல வீடுகளில் குழாய் பாதியில் உடைந்து சாக்கடையை நோக்கி நிற்கிறது. குழி மண்மூடிக் கிடக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம்

நம் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மாடி 1,000 சதுர அடி என்றால் அதன்மேல் ஓர் ஆண்டில் விழும் தண்ணீர் ஏறத்தாழ 83,000 லிட்டர். ஆவியாவது, சிதறுவது, முதல் மழையில் அழுக்கோடு விடுவது எல்லாம் கழித்து 80 சதவீதம் என்று கொண்டாலும் சுமார் 67,000 லிட்டர்.

இப்போது செலவு. 200 சதுர அடித் தோட்டத்துக்கு நாளுக்கு 5 மில்லிமீட்டர் அளவு தண்ணீர் தேவை என்று கொண்டால் 90 லிட்டருக்குச் சற்று மேல் வரும். கோடை 100 நாள் என்றால் 9,300 லிட்டர். அதாவது மாடியில் விழும் மழையில் ஏழில் ஒரு பங்கு போதும். அதுவும் முழுக்கப் புதுத் தண்ணீராக இருக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் காய்கறி அலசுவது, அரிசி களைவது, பாத்திரத்தைக் கடைசியாக அலசுவது ஆகிய மூன்றையும் பக்கெட்டில் பிடித்துப் பார்த்தேன். நாளுக்கு ஏறத்தாழ இரண்டு பக்கெட் தேறியது. சோப்பு நுரை அதிகமுள்ள தண்ணீரைக் கீரைக்கு ஊற்ற வேண்டாம். வாழைக்கும் தென்னைக்கும் விடலாம்.

செலவைக் குறைக்கும் வழிகளும் பழையவைதான். வேரடியில் காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் மண் சீக்கிரம் காயாது. சருகை எரித்துப் புகை கிளப்புவதை விட இது மேல். மண்பானையைக் கழுத்து வரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடி வைத்தால், அது கசிந்து கசிந்து சுற்றியுள்ள பூசணியையும் சுரையையும் காப்பாற்றும். வெயில் ஏறும் முன் காலையிலோ, இறங்கிய பின் மாலையிலோ மட்டும் ஊற்றுங்கள். கத்திரி வெயிலில் புதிதாக எதையும் நட வேண்டாம். இருக்கிறதைக் காப்பாற்றினால் போதும்.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அண்டாவில் பிடித்த மழை உங்களுடையது. மண்ணுக்குள் இறக்கிய மழை உங்களுடையது மட்டும் இல்லை. அது அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் எதிர்வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கும் போகும். நான் சேர்த்ததை அவர் எடுக்கிறாரே என்று ஒருவர் நிறுத்தினால், நாளை எல்லாரும் நிறுத்துவார்கள். நிலத்தடி நீர் ஒரு கூட்டுக்கணக்கு. கூட்டுக்கணக்கில் எல்லாரும் எடுக்கவும் ஒருவரும் போடாமலும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வணிகவியல் பட்டம் தேவையில்லை. பழைய ஊரணிகள் ஊர்க்கட்டுப்பாட்டில் இருந்ததற்குக் காரணமும் இதுதான். தனி வீடு தனியாகச் செய்து முடிக்கக் கூடிய காரியமல்ல அது. இன்றைக்கு ஊர்க்கூட்டத்தின் இடத்தில் இருப்பது நம் குடியிருப்போர் நலச் சங்கம்.

பூங்காக் கிணறு

ஆரம்பத்தில் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். வரும் பொதுக்குழுவில், பூங்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் பொதுக் கிணற்றைத் தூர்த்து, அந்த இடத்தில் இருசக்கர வாகன நிறுத்தம் அமைப்பது பற்றி முடிவெடுக்கப் போகிறோம். யோசனை சொன்னவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. கிணறு சித்திரையில் வறண்டுவிடுகிறது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஆபத்து. மழைக்காலத்தில் கொசு. தெருவில் வண்டி நிறுத்த இடமும் இல்லை. எல்லாம் உண்மை.

ஆனால் கோடையில் வற்றியது என்பதற்காகக் கிணற்றைத் தூர்ப்பது, மாதக் கடைசியில் இருப்பு இல்லை என்பதற்காகச் சேமிப்புக் கணக்கையே மூடுவது போலத்தான். பத்தடி விட்டமும் நாற்பதடி ஆழமும் உள்ள அந்தக் கிணற்றின் கொள்ளளவு சுமார் 88,000 லிட்டர். சங்கக் கட்டட மாடியிலிருந்தும் பூங்காவை ஒட்டிய வீடுகளின் மாடிகளிலிருந்தும் ஒரு குழாய் இழுத்து, மணலும் ஜல்லியும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாக மழைநீரை உள்ளே விட்டால் அது நம் தெருக்களுக்கு ஊரணி. மேலே கனமான இரும்புக் கம்பி மூடியும் அதற்குக் கீழே கொசுவலையும் போட்டுவிட்டால் ஆபத்தும் கொசுவும் தீரும். வண்டி நிறுத்த வேறு மூலை பார்க்கலாம்; கிணற்றுக்கு வேறு மூலை பார்க்க முடியாது. தூர்த்த கிணற்றைத் திரும்பத் தோண்ட இன்று யார் முன்வருவார்கள்?

மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆடி பிறப்பதற்குள் உங்கள் வீட்டு மழைநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். குழி மூடியிருந்தால் தூர் எடுங்கள். அடுத்தமுறை முற்றத்துக்குச் சிமெண்டு போடும்போது மதிலை ஒட்டி மூன்றடி மண்ணை விட்டுவையுங்கள். மூன்றாவது, பொதுக்குழுவுக்கு வாருங்கள். வழக்கம்போல முப்பது பேர் வந்து முடிவெடுத்துவிட்டு, வராதவர்கள் வாட்ஸாப்பில் வருத்தப்படுகிற காரியமாக இது ஆகிவிடக் கூடாது. தூர்க்கலாம் என்று நினைப்பவர்களும் வாருங்கள், வேண்டாம் என்பவர்களும் வாருங்கள். வருவதற்கு முன் ஒரு சாயங்காலம் பூங்காவுக்குப் போய் அந்தக் கிணற்றை எட்டிப் பாருங்கள். அடியில் கொஞ்சம் தண்ணீர் இன்னும் இருக்கிறது.